ஹாட் டப் தண்ணீரைப் பாதுகாப்பாக வைத்திருப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டொராண்டோ சுற்றுவட்டாரத்தில் நம்மவர்கள் பலர் வீட்டுக்குப் பின்னால் ஹாட் டப் வைத்திருக்கிறார்கள், வைக்காதவர்கள் நீண்ட வார விடுமுறைக்கு ஏரிக்கரையில் ஹாட் டப் உள்ள காட்டேஜ் பார்த்து வாடகைக்கு எடுக்கிறார்கள். பனி கொட்டும்போது கழுத்து வரை வெந்நீரில் உட்கார்ந்திருக்கும் சுகத்தை யாருக்கும் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொள்வது பற்றித் தமிழில் எழுதியவர்கள் குறைவு. தொட்டி வாங்கும்போது கடையில் ஏழெட்டு பாட்டில்களைக் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள், எதை எப்போது எவ்வளவு போடுவது என்பது மட்டும் குழப்பமாகவே இருக்கிறது. தெரிந்தவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். கீழே வரும் கணக்கெல்லாம் 1,300 லிட்டர் தொட்டிக்கு, அதாவது நாலைந்து பேர் உட்காரும் வழக்கமான அளவுக்கு. உங்களுடையது பெரிது அல்லது சிறிது என்றால் அதே விகிதத்தில் கூட்டியோ குறைத்தோ கொள்ளுங்கள்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. அப்புறம் எதற்கு இத்தனை மருந்து?

தெளிவுக்கும் கிருமிக்கும் சம்பந்தமே இல்லை. பில்டர் ஒழுங்காக ஓடினால் தண்ணீர் பளபளவென்றுதான் இருக்கும், அதில் குளோரின் துளிகூட இல்லாமல் போயிருந்தாலும்.

லெஜியோனெல்லா என்ற பாக்டீரியா 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரை நன்றாகப் பெருகும். நாம் உட்காரும் தண்ணீர் 38, 39, அதிகபட்சம் 40. அதாவது அதற்கு மிகப் பிடித்த சூட்டை நாமே இருபத்து நாலு மணி நேரமும் மின்சாரம் கட்டி வைத்துக்கொண்டிருக்கிறோம். அது தோல் வழியாக வருவதில்லை, வயிற்றில் போனாலும் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. ஜெட், அதாவது தண்ணீரைக் காற்றோடு பீய்ச்சும் துவாரங்கள், ஓடும்போது மேலே கிளம்பும் நுண்ணிய நீர்த்திவலையை மூச்சில் இழுத்தால்தான் ஆபத்து, கடுமையான நிமோனியா வரும். 1976இல் பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டலில் நடந்த முன்னாள் படைவீரர் மாநாட்டுக்குப் போனவர்கள் இப்படி நோயுற்று இறந்த பிறகுதான் இந்த பாக்டீரியாவையே கண்டுபிடித்தார்கள்.

ஹாட் டப்புக்கு நேரடித் தொடர்புள்ள இரண்டு சம்பவங்களைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். 1999இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது, அங்கே விற்பனைக்காக ஓடவிட்டிருந்த வேர்ல்பூல் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா பரவி 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 செப்டம்பரில் அமெரிக்காவின் வட கரோலினாவில், பிளெட்சர் என்ற ஊரில் நடந்த பொருட்காட்சியிலும் இதேதான், காட்சிக்கு வைத்த ஹாட் டப்பிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு நோய், 4 பேர் இறந்தார்கள். நோயுற்றவர்கள் அந்தத் தொட்டிகளில் குளிக்கப் போனவர்கள் இல்லை, கண்காட்சியைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் குளோரின் இருந்திருந்தால் இரண்டு இடத்திலும் இது நடந்திருக்காது, அதற்காகச் சொல்கிறேன்.

நீச்சல் குளம் பராமரித்துப் பழக்கம் உண்டு. அதே முறை போதாதா?

போதாது. குளத்தில் ஐம்பதாயிரம், அறுபதாயிரம் லிட்டர் இருக்கும், அதில் நாலு பேர் இறங்கினால் தண்ணீருக்குத் தெரியவே தெரியாது. இங்கே இருப்பது 1,300 லிட்டர். அதே நாலு பேர், அதைவிட நிறைய வியர்வை, ஏனென்றால் சூடு. சூட்டில் குளோரினும் சீக்கிரம் தீரும், ஜெட் காற்றைக் கலக்குவதால் இன்னும் சீக்கிரம். குளத்தில் இரண்டு மூன்று நாள் மறந்துவிட்டால் சமாளிக்கலாம், ஹாட் டப்பில் ஒரே இரவில் எல்லாம் காலி.

குளோரின் எவ்வளவு இருக்க வேண்டும்?

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி சொல்வது: ஹாட் டப்பில் ஃப்ரீ குளோரின், அதாவது இன்னும் எதோடும் சேராமல் கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின், குறைந்தது 3 பிபிஎம், குளோரினுக்குப் பதிலாகப் புரோமின் போடுவதென்றால் 4 முதல் 8 பிபிஎம், தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 7.0 முதல் 7.8 வரை. 3 என்பது குறைந்தபட்சம் என்பதைக் கவனியுங்கள். இறங்குவதற்கு முன் 3 முதல் 5 வரை இருந்தால் நிம்மதி. 10ஐத் தாண்டியிருந்தால் இறங்காதீர்கள், மூடியைத் திறந்து வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

பிபிஎம் என்பது பத்து லட்சத்தில் ஒரு பங்கு. 1,000 லிட்டரில் 1 கிராம் குளோரின் என்றால் 1 பிபிஎம். இந்த ஒரு கணக்கு மனதில் இருந்தால் எந்த பாட்டிலையும் பார்த்து அளவு போட்டுவிடலாம்.

பாட்டிலில் "வாரத்துக்கு இத்தனை ஸ்பூன்" என்று போட்டிருக்கிறது. அப்படியே செய்கிறேன், ஆனாலும் தண்ணீர் கெட்டுப்போகிறது. ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். குளோரினைத் தின்பது காலண்டர் இல்லை, ஆட்கள். ஒருவர் ஒரு மணி நேரம் 40 டிகிரி தண்ணீரில் உட்கார்ந்து எழுந்தால், அவர் விட்டுச்சென்ற வியர்வை, யூரியா, தோல் எண்ணெய் எல்லாவற்றையும் எரிக்க 1,300 லிட்டர் தொட்டியில் ஏறக்குறைய 7 பிபிஎம் குளோரின் செலவாகும். இது அனுபவத்தில் வந்த தோராயக் கணக்கு, ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் நடைமுறைக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

அந்த 7 பிபிஎம்முக்கு, டைக்ளோர் என்ற குளோரின் தூள் என்றால் சுமார் 16 கிராம், அதாவது மூன்றரை டீஸ்பூன். 6 சதவீத ப்ளீச் என்றால் சுமார் 150 மில்லி. ஒரே ஆள் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் இதுதான், கணவனும் மனைவியும் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் இதுதான். வெள்ளிக்கிழமை ராத்திரி மைத்துனர் குடும்பம் வந்து நாலு பேர் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் ஆறு மடங்கு. வாரத்துக்கு இரண்டு ஸ்பூன் போட்டு அந்த வெள்ளிக்கிழமையை எப்படிச் சமாளிக்க முடியும்?

ஆகவே பழக்கம் இப்படி இருக்கட்டும். இறங்குவதற்கு முன் சோதனை செய்து 3க்குக் குறையாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. ஏறியதும், துண்டால் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிடாமல், எத்தனை பேர் எத்தனை நேரம் என்று கணக்குப் பார்த்துப் போட்டுவிட்டு, மூடியைத் திறந்தபடி ஜெட்டைக் கால் மணி நேரம் ஓடவிட்டு, அப்புறம் மூடுவது. மறுநாள் காலையில் மீண்டும் சோதித்து, குறைந்திருந்தால் கொஞ்சம் சேர்ப்பது. பெரிய கூட்டம் வந்து போன ராத்திரி மொத்தத்தையும் ஒரே தடவையில் கொட்ட வேண்டாம், பாதி அப்போது, மீதி காலையில் பார்த்து. யாரும் இறங்காத நாட்களிலும் குளோரின் தானாகக் குறையும், இரண்டு நாளைக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

கடையில் டைக்ளோர், டிரைக்ளோர், ப்ளீச் என்று பல இருக்கின்றன. எதை வாங்குவது?

டிரைக்ளோர் மாத்திரையைத் தொடாதீர்கள். அது நீச்சல் குளத்துக்கானது, கடும் அமிலம், ஹாட் டப்பில் மிதக்கவிட்டால் பிஎச்சை இழுத்துக்கொண்டு போய் ஹீட்டரையும் தொட்டியின் மேற்பரப்பையும் அரித்துவிடும்.

டைக்ளோர் தூள் வசதியானது, சீக்கிரம் கரையும், பிஎச்சை அதிகம் குலைக்காது. அதனால்தான் கடைகளில் ஹாட் டப்புக்கு என்று அதையே தருகிறார்கள். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. குளோரினோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்தே வரும். டைக்ளோர் மூலம் 10 பிபிஎம் குளோரின் சேர்த்தால் கூடவே 9 பிபிஎம் சயனூரிக் அமிலம் தண்ணீரில் தங்கிவிடும். குளோரின் தீர்ந்துபோகும், இது போகாது. தினமும் ஒருவர் ஒரு மணி நேரம் உட்காரும் வீட்டில் ஒரே மாதத்தில் 150ஐத் தாண்டிவிடும். அது ஏற ஏற குளோரின் கிருமியைக் கொல்லும் வேகம் மந்தமாகும். சோதனையில் 3 என்றே காட்டும், ஆனால் வேலை நடக்காது. சிடிசி ஹாட் டப்பில் சயனூரிக் அமிலம் உள்ள பொருட்களே வேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ப்ளீச்சில் இந்தத் தொல்லை இல்லை. மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரண ப்ளீச்தான், ஆனால் வாசனை சேர்த்தது, தெறிக்காமல் இருக்கக் கெட்டியாக்கியது, துணிக்கென்று வேறெதாவது கலந்தது எதுவும் வேண்டாம். லேபிளில் சோடியம் ஹைப்போகுளோரைட் எத்தனை சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள், பழைய சரக்கு வேண்டாம், நாளாக ஆக அதன் வீரியம் குறையும்.

வீட்டுத் தொட்டி வைத்திருப்பவர்கள் பலர் நடுவழி ஒன்றைப் பிடித்திருக்கிறார்கள். தண்ணீர் புதிதாக நிரப்பியதும் முதல் சில நாள் டைக்ளோர், சயனூரிக் 30 பிபிஎம் அளவுக்கு வந்ததும் நிறுத்திவிட்டு அதன் பின் முழுக்க ப்ளீச். அந்தக் கொஞ்சம் சயனூரிக் இருப்பதால் குளோரின் தோலுக்கும் மூடிக்கும் அவ்வளவு கடுமையாக இருக்காது. டைக்ளோரை விட மனமில்லை என்றால் தண்ணீரை அடிக்கடி மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. என் ஓட்டு ப்ளீச்சுக்கே, விலையும் குறைவு.

புரோமின் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான். சூட்டைத் தாங்கும், பிஎச் கொஞ்சம் ஏறினாலும் வேலை செய்யும், வியர்வையோடு சேர்ந்த பிறகும் ஓரளவு கிருமி கொல்லும், நாற்றம் குறைவு. மிதவையில் மாத்திரை போட்டு வைத்தால் மெதுவாகக் கரைந்துகொண்டே இருக்கும், ஆகவே தினமும் பார்க்க முடியாதவர்களுக்கு உதவும். விலை அதிகம், கூட்டம் வந்தால் மிதவை ஈடுகொடுக்காது. ஒன்று ஞாபகம் இருக்கட்டும், ஒருமுறை புரோமைடு கலந்த தண்ணீரில் பிறகு குளோரின் போட்டாலும் அது புரோமினாகத்தான் மாறும். குளோரினுக்கு மாற வேண்டுமென்றால் தண்ணீரை முழுதாக இறக்க வேண்டும்.

பிஎச் எதற்கு? கிருமியைக் கொல்வது குளோரின்தானே?

குளோரின் தண்ணீரில் இரண்டு வடிவில் இருக்கும். வேகமாகக் கொல்வது ஹைப்போகுளோரஸ் அமிலம், மற்றது அதைவிடப் பல மடங்கு பலவீனமானது. எது எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது பிஎச். 7.2இல் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு வேலை செய்யும் வடிவில் இருக்கும், 7.5இல் பாதி, 8இல் கால் பங்குதான். அதனால் 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்துக்கொள்ளப் பாருங்கள். கண் எரிச்சலும் குறையும்.

ஹாட் டப்பில் பிஎச் எப்போதும் மேலேதான் ஏறும், ஏனென்றால் ஜெட் காற்றடிக்கும்போது தண்ணீரிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. குறைக்க உலர் அமிலம் என்று விற்கும் சோடியம் பைசல்பேட்டைக் கொஞ்சமாகப் போட்டு, அரை மணி நேரம் கழித்துச் சோதித்து, தேவையென்றால் மீண்டும் கொஞ்சம். எத்தனை தடவை குறைத்தாலும் மறுநாள் ஏறிவிடுகிறது என்று நொந்துபோகிறவர்கள் ஆல்கலினிட்டியை, அதாவது தண்ணீரில் கரைந்துள்ள காரப் பொருட்களின் அளவைப் பாருங்கள், அது அதிகமாக இருக்கும். 80 முதல் 120 பிபிஎம் என்று பல கையேடுகளில் இருக்கிறது, ப்ளீச் பயன்படுத்துபவர்கள் 50, 60க்கு இறக்கினால் பிஎச் அடங்கி உட்காரும்.

டெஸ்ட் ஸ்டிரிப் போதுமா?

நனைத்தால் நிறம் மாறும் பட்டைதான் ஸ்டிரிப், இல்லாததற்கு அது மேல். ஆனால் அந்த ஊதா நிறம் 3ஆ 5ஆ என்று மாலை வெளிச்சத்தில் பார்த்துச் சொல்வது கஷ்டம், அதிலும் ஈரக்கையை டப்பாவுக்குள் விட்டு எடுத்தால் மீதிப் பட்டைகளும் கெட்டுப்போகும்.

சொட்டு எண்ணிப் பார்க்கும் கிட் ஒன்று வாங்கிவிடுங்கள். டெய்லர் கே-2006 அப்படிப்பட்டது, எஃப்ஏஎஸ்-டிபிடி முறை. தொட்டித் தண்ணீர் 10 மில்லி குழாயில் எடுத்து, கூடவே வரும் சிறிய கரண்டியால் டிபிடி தூளைப் போட்டால் அடர் இளஞ்சிவப்பாக மாறும். அப்புறம் அடுத்த பாட்டிலிலிருந்து ஒவ்வொரு சொட்டாக விட்டுச் சுழற்ற வேண்டும். நிறம் வெளுத்துக்கொண்டே வந்து ஒரு சொட்டில் சட்டென்று தெளிந்துவிடும். அதுவரை விட்ட சொட்டுகளைப் பாதியாக்கினால் ஃப்ரீ குளோரின், எட்டுச் சொட்டு என்றால் 4 பிபிஎம். நிறத்தை அட்டையோடு ஒப்பிடும் வேலையே இல்லை.

அட்டையோடு ஒப்பிடும் சாதாரண டிபிடி கிட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. குளோரின் மிக அதிகமாக இருந்தால் அந்தச் சாயத்தையே வெளுத்துவிடும், தண்ணீர் நிறமில்லாமல் நிற்கும், பார்ப்பவர் "ஐயோ, பூஜ்யம்" என்று இன்னும் கொட்டுவார். தூள் விழுந்த கணத்தில் ஒரு இளஞ்சிவப்பு மின்னி மறைந்தால் அது பூஜ்யமில்லை, மிக அதிகம்.

மூடியைத் திறந்தால் குளோரின் வாடை தூக்குகிறது. அதிகமாகப் போட்டுவிட்டேனா?

பெரும்பாலும் நேர்மாறு. அந்த வாடை குளோரமைனுடையது, அதாவது குளோரின் வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து பாதி வேலையில் நின்றுபோன நிலை. இன்னும் குளோரின் தேவை என்பதுதான் அதன் அர்த்தம். 10 பிபிஎம் வரை ஏற்றி, மூடியைத் திறந்து வைத்து, ஜெட்டை ஓடவிடுங்கள். குளோரின் இல்லாத ஷாக் என்று எம்பிஎஸ் விற்கிறார்கள், அது கழிவை எரிக்கும், ஆனால் கிருமியைக் கொல்லும் வேலையை அதை நம்பி விட முடியாது.

என் தொட்டியில் ஓசோன் இருக்கிறது, இன்னொருவர் வீட்டில் புற ஊதா விளக்கு, இன்னொருவர் உப்புத் தண்ணீர். இவர்களுக்கும் குளோரின் வேண்டுமா?

வேண்டும். ஓசோனும் புற ஊதாவும் குழாய்க்குள் அதைக் கடந்துபோகும் தண்ணீரை மட்டும்தான் சுத்தம் செய்யும், நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில், உங்கள் தோலுக்கும் பக்கத்தில் இருப்பவர் தோலுக்கும் நடுவில் எதுவும் இருக்காது. வெள்ளி, செம்பு சேர்க்கும் குச்சிகளும் உதவிக்குத்தான். உப்புத் தொட்டி என்பது உப்பிலிருந்து அங்கேயே குளோரினோ புரோமினோ தயாரிக்கும் தொட்டி, ஆகவே அதிலும் சோதனை, பிஎச், எல்லாமே உண்டு. "கெமிக்கலே வேண்டாம்" என்று யாராவது விற்க வந்தால் கதவைச் சாத்திவிடுங்கள்.

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு இறங்கலாமா? வயதானவர்கள் கேட்கிறார்கள்.

வேண்டாம், தயவுசெய்து. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் தண்ணீரின் விளிம்பில் பழுப்பு வளையமாகப் படியும், பில்டர் மடிப்புகளை அடைக்கும், குழாய்க்குள் படிந்து கிருமிக்கு வீடாகும், இத்தனைக்கும் நடுவே குளோரினையும் தின்னும். எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்று சீயக்காய் போட்டு நன்றாக அலசிய தலையிலும் கொஞ்சம் மிச்சம் இருக்கும், அன்றைக்கு முடியைத் தூக்கிக் கட்டி நனையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மஞ்சள் பூசிய முகம், வலிக்குப் போட்ட தைலம், பாடி லோஷன் இவற்றுக்கும் இதே கதைதான். மாமாவிடமோ அத்தையிடமோ எப்படிச் சொல்வது என்று தயங்க வேண்டாம், வெந்நீரில் ஒரு நிமிடம் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு வாருங்கள் என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இறங்குவதற்கு முன் அந்த ஒரு நிமிடக் குளியல் எவ்வளவோ குளோரினை மிச்சம் பிடிக்கும்.

ஜெட் போட்டால் நுரை பொங்குகிறது.

நீச்சல் உடையில் மிஞ்சிய சோப்புத் தூள்தான் முதல் காரணம். உடையை வெறும் தண்ணீரில் மட்டும் அலசுங்கள். கால்சியம் மிகக் குறைந்த மென்நீரிலும் நுரைக்கும், 150 பிபிஎம்முக்கு மேல் இருந்தால் நல்லது. நுரை அடக்கும் மருந்து ஒரு மணி நேரத்துக்குத்தான், அதை நம்பாதீர்கள்.

ராத்திரி 5 இருந்தது, யாரும் இறங்கவில்லை, காலையில் பூஜ்யம். எங்கே போனது?

குழாய்க்குள்ளே ஏதோ தின்கிறது. ஓசோன் இல்லாத ஆரோக்கியமான தொட்டியில் ஆள் இறங்காமல் ஒரு நாளில் கால் பங்கு குறைவது இயல்பு, ஓசோன் இருந்தால் பாதி வரை போகலாம். மொத்தமும் போனால் உயிர்ப்படலம் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். ஜெட் குழாய்களின் உள்சுவரில் பாக்டீரியா வழவழப்பான ஒரு படலமாகக் கூடுகட்டும், மேலே இருக்கும் பசை குளோரினைத் தடுத்து உள்ளே இருப்பவற்றைக் காப்பாற்றும். சில மாதம் அணைத்துப் போட்டிருந்த தொட்டி, ஈரத்தோடு நின்ற பழைய தொட்டி, இவற்றில் கட்டாயம் இருக்கும். செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.

குழாய்ச் சுத்திகரிப்பான் என்று தனியாகக் கிடைக்கிறது. பழைய தண்ணீரிலேயே அதை ஊற்றி, பெட்டியில் சொன்ன நேரத்துக்கு எல்லா ஜெட்டும் திறந்து ஓடவிட வேண்டும். மோசமாக இருந்தால் மேலே பழுப்பாக, பச்சையாகக் கசடு மிதந்து வரும், பார்க்கவே சகிக்காது. அப்படியே இறக்கி, தொட்டியைத் துடைத்து, புதுத் தண்ணீர் நிரப்பி, குளோரினை 10க்கு ஏற்றி, மறுநாள் எவ்வளவு நிற்கிறது என்று பாருங்கள். நிற்கவில்லையென்றால் மீண்டும் ஒரு தடவை. பழைய பில்டரை மட்டும் திரும்பப் போட்டுவிடாதீர்கள்.

பில்டரை வழக்கமாக வாரம் ஒரு முறை எடுத்து, மடிப்பு மடிப்பாகக் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள், மாதம் ஒரு முறை பில்டர் கிளீனரில் ஊறவையுங்கள், ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம்.

தண்ணீரை எப்போது மாற்றுவது? ஜனவரியில் எப்படி மாற்றுவது?

கணக்கு இதுதான்: தொட்டியின் லிட்டர் அளவை 11.4ஆல் வகுத்து, வருவதைத் தினசரி இறங்கும் ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் எத்தனை நாளுக்கு ஒரு முறை என்று வரும். 1,300 லிட்டர், தினமும் இரண்டு பேர் என்றால் 57 நாள். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்று மாதம் என்பது பொருந்தும்.

கனடாவில் இதைக் குளிரோடு பொருத்திப் பார்க்க வேண்டும். மைனஸ் 15இல் தொட்டியை இறக்கினால் குழாயில் மிஞ்சிய தண்ணீர் உறைந்து பம்பையே உடைத்துவிடலாம். நவம்பர் நடுவில், தரை உறைவதற்கு முன் ஒரு தடவை நன்றாகச் சுத்தம் செய்து நிரப்பிவிட்டால் மார்ச் வரை ஓட்டலாம், ஆனால் அந்தக் காலம் முழுக்க டைக்ளோர் போட்டால் ஓடாது, ப்ளீச் வேண்டும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். கட்டாயம் மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் ஒரு இளகிய நாளைப் பிடித்து, பகலிலேயே தொடங்கி, ஒரே மூச்சில் நிரப்பி முடியுங்கள்.

இறக்கும் முன் குளோரின் பூஜ்யம் ஆகட்டும், மூடியைத் திறந்து சில நாள் விட்டால் போகும். தெருவோர மழைநீர் வடிகாலில் விடாதீர்கள், அது பல ஊர்களில் நேராக ஓடைக்கும் ஏரிக்கும் போகிறது, மீனுக்குக் குளோரின் விஷம். எங்கே விடலாம் என்பது நகராட்சிக்கு நகராட்சி மாறும், உங்கள் ஊர் விதியைப் பாருங்கள்.

புதுத் தண்ணீர் நிரப்பியதும் சோதித்தால் டோட்டல் குளோரின் காட்டுகிறது, ஃப்ரீ குளோரின் இல்லை. கிட் பழுதா?

பழுதில்லை. டோட்டல் குளோரின் என்பது ஃப்ரீ குளோரினும் குளோரமைனும் சேர்ந்த மொத்தம். டொராண்டோ குழாய் நீரில் குளோரமைன் சேர்க்கிறார்கள், அதைத்தான் கிட் காட்டுகிறது. முதல் தடவை கொஞ்சம் தாராளமாக, 10 பிபிஎம் அளவுக்குப் போட்டால் அது எரிந்துபோய் ஃப்ரீ குளோரின் நிற்கத் தொடங்கும். குவெல்ஃப், கிச்சனர் பக்கம் நிலத்தடி நீர், மிகக் கடினம், ஹீட்டரில் சுண்ணாம்பு பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். காட்டேஜ் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் குளோரின் பட்டதும் தேநீர் நிறமாகும், உலோகம் கட்டும் மருந்தை முதலில் போட்டுவிட்டு அப்புறம் குளோரின்.

குழந்தைகள், கர்ப்பிணிகள்?

5 வயதுக்குக் கீழே உள்ளவர்களை இறக்கக் கூடாது என்று சிடிசி சொல்கிறது, எவ்வளவு கெஞ்சினாலும். பெரிய பிள்ளைகளுக்குச் சூட்டைக் குறைத்து, கொஞ்ச நேரம் மட்டும். தலையைத் தண்ணீருக்குள் முக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். கர்ப்பிணிகள், குறிப்பாக முதல் மூன்று மாதத்தில், டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். வயிற்றுப்போக்கு இருப்பவர் யாராக இருந்தாலும் கூடாது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி சரியாகக் குளோரின் போட்ட தண்ணீரிலும் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு இருக்கும்.

இறங்கிய மறுநாள் உடம்பில் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருக்கிறது.

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் வரும், மயிர்க்கால்களைச் சுற்றி அரிக்கும் சிவப்புப் புள்ளிகள், நீச்சல் உடை ஒட்டியிருந்த இடத்தில் அதிகம். பெரும்பாலும் தானே போய்விடும், போகாவிட்டால், காய்ச்சல் வந்தால், டாக்டரிடம் போங்கள். அதைவிட முக்கியம், இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், இருமல், மூச்சு வாங்குதல் வந்தால் "ஹாட் டப்பில் இருந்தேன்" என்று டாக்டரிடம் நீங்களே முன்வந்து சொல்லுங்கள், லெஜியோனெல்லாவுக்குத் தனிச் சோதனையும் தனி ஆன்டிபயாட்டிக்கும் உண்டு, கேட்டால்தான் பார்ப்பார்கள். 50 வயதைத் தாண்டியவர்கள், புகைப்பவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு இது கூடுதல் கவனம். தொட்டியைச் சரிசெய்யும் வரை வேறு யாரையும் இறங்கவிடாதீர்கள்.

மருந்துகளை எங்கே, எப்படி வைப்பது?

வெவ்வேறு குளோரின்களை ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, டிரைக்ளோரும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். அமிலமும் ப்ளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு. ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி, ஈரமில்லாத கரண்டி. ஒன்றைப் போட்டுக் கால் மணி நேரம் கழித்துத்தான் அடுத்தது. எப்போதும் மருந்தைத் தண்ணீரில் போட வேண்டும், மருந்தின் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், உலர்ந்த இடத்தில், அமிலத்தைக் குளோரினிலிருந்து தள்ளி.

வாடகைக் காட்டேஜில் இருக்கும் தொட்டியை எப்படி நம்புவது?

பையில் ஒரு டப்பா ஸ்டிரிப் போட்டுக்கொண்டு போங்கள், பத்துப் பதினைந்து டாலர்தான். போனதும், பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பிள்ளைகள் உடை மாற்றிக்கொண்டு ஓடுவார்கள், அதற்கு முன் மூடியைத் தூக்கிப் பாருங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே சுவரை விரலால் தேய்த்தால் வழுக்கக் கூடாது. ஸ்டிரிப்பில் குளோரின் 3க்குக் கீழே என்றால் யாரும் இறங்க வேண்டாம். உரிமையாளருக்கு ஸ்டிரிப்பைப் படமெடுத்து அனுப்பி, கடைசியாக எப்போது தண்ணீர் மாற்றினீர்கள், எந்த மருந்து, அது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். குளோரினா புரோமினா என்று தெரியாமல் நீங்களாக எதையும் கொட்டாதீர்கள். அவர் மருந்து போடச் சொல்லி, போட்டபின் ஜெட்டை ஓடவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் சோதித்து 3க்கு மேல் நின்றால் இறங்கலாம். நிற்காமல் மறுபடி பூஜ்யத்துக்கே போனால் மூடியை மூடிவிடுங்கள், அந்த வார இறுதிக்கு ஏரியே போதும்.